ஹீலியத்துல முக்குனாலும் அடங்காத படிகம்

குவாண்டம் டாட்ட, அதாவது படிகத்துக்குள்ள பதிஞ்ச நானோமீட்டர் அளவு மேட்ட, ஹீலியத்துல போட்டு 4 கெல்வினுக்கு எறக்கிட்டா படிகத்தோட அதிர்வெல்லாம் நின்னுரும், அப்பறம் அதுல இருந்து வர்ற ஃபோட்டான் (வெளிச்சத்தோட துணுக்கு) ஒவ்வொண்ணும் அச்சு அசலா ஒண்ணாட்டவே இருக்கும்னு நெறையப் பேரு நெனச்சுட்டு இருக்கறாங்க, யூடியூப்ல குவாண்டம் கம்ப்யூட்டர் பத்திப் பேசறவங்களும் இப்டித்தான் சொல்லீட்டுப் போயிடறாங்க. பாதிதானுங்க உண்மை. குளிர வெச்சா படிகத்துல ஏற்கனவே ஓடிட்டு இருந்த அதிர்வு கொறையும், அது சரி. ஆனா டாட்டு வெளிச்சம் விடறதே புதுசா ஒரு அதிர்வ கெளப்பி விட்ருது, அதுக்குச் சூடே தேவையில்ல, ஜீரோ கெல்வின்லயும் நடக்கும். இந்தப் பதிவு முழுக்க அதப் பத்தித்தான், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

நான் லேப்ல லேசர் புடிக்கற ஆளு இல்லீங்க, கணக்குப் போடற ஆளு. ஊரு சோமனூர் பக்கம், ஊட்டுல தறி ஓடுது, நான் மட்டும் ஒரு மூலைல லேப்டாப்ப வெச்சுட்டு ஃபோனான் (படிக அதிர்வோட துணுக்கு), ஃபோட்டான்னு உக்காந்திருப்பேன், என்னதான் பண்ணீட்டு இருக்கறான் இவன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லோணுமேன்னு மனசுக்குள்ள கோத்து வெச்சிருந்தத இங்க எழுதிப் போடறேன்.

மொதல்ல டாட்டு. 2023ல பவெண்டி, புருஸ், எகிமோவ் மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல் குடுத்தாங்களே, அது கரைசல்லயும் கண்ணாடிக்குள்ளயும் உண்டாகற டாட்டு, டிவி ஸ்கிரீன்ல வர்றதும் அந்த வகையறாதான். நான் சொல்றது வேற. கேலியம் ஆர்சனைடு படிகத்து மேல, நல்ல வெற்றிடத்துல, இண்டியம் ஆர்சனைட அடுக்கடுக்கா படிய விடுவாங்க. ரெண்டு படிகத்துக்கும் அணு இடைவெளி 7 சதவீதம் பொருந்தாது, மொத ஒண்ணு ரெண்டு அடுக்கு வரைக்கும் இழுத்துப் புடிச்சு ஒட்டிக்கும், அதுக்கு மேல தாங்காம தானாவே சின்னச் சின்ன மேடா கட்டிக்கும். அது மேல மறுபடியும் கேலியம் ஆர்சனைட போட்டு மூடிருவாங்க. ஒரு மேடு சுமாரா 20 நானோமீட்டர் அகலம், சில நானோமீட்டர் ஒசரம், அவ்வளவுதான் டாட்டு. அதுக்குள்ள ஒரு எலக்ட்ரானும் அது விட்டுட்டுப் போன காலி எடமும் ஜோடியா மாட்டிக்கும், அந்த ஜோடிக்கு எக்ஸைட்டான்னு பேரு. ஒரு நானோசெகண்டு வாக்குல ஜோடி சேந்து அழியும், அப்ப ஒரே ஒரு ஃபோட்டான் வெளிய வரும், 900ல இருந்து 950 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத நெறம். இது நெசமாவே ஒத்த ஃபோட்டான்தான் விடுதுன்னு 2000த்துல காட்டுனாங்க, 2002ல ஸ்டான்ஃபோர்டுல யமமோட்டோ குழு அடுத்தடுத்து வர்ற ரெண்டு ஃபோட்டானும் ஒண்ணாட்ட இருக்குதான்னு சோதிச்சுப் பாத்தாங்க.

ஏன் ஒண்ணாட்ட இருக்கோணும்? ரகசியச் சாவி அனுப்பறதுக்கு மட்டும்னா தேவையில்ல, ஒத்தையா வந்தாப் போதும். ஆனா ஃபோட்டான வெச்சு கணக்குப் போடோணும்னா கட்டாயம் வேணும். பாதி வெளிச்சத்த விட்டு பாதியத் திருப்பற கண்ணாடி இருக்குதல்ல, அதோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபோட்டான ஒரே நேரத்துல விட்டா, ரெண்டும் எல்லா வகையிலயும் ஒண்ணா இருந்துச்சுன்னா எப்பவும் ஒரே வாசல்லதான் சேந்து வெளிய வரும், கொஞ்சம் நெறம் மாறுனாலும் தனித்தனி வாசல்ல வர ஆரம்பிச்சிரும். 1987ல ஹாங், ஓவ், மேண்டல் மூணு பேரும் செஞ்ச சோதனை இது, இன்னைக்கும் ஒரு டாட்டு நல்லதா கெட்டதான்னு பாக்கறதுக்கு இதத்தான் ஓட்டறாங்க.

எங்க மாமாகிட்ட ஒருக்கா இத விளக்கிட்டு இருந்தப்ப அவரு கேட்டாரு, "ஏன் மாப்ள, தறி ஓடறப்ப குடோனே அதிருது, அதாட்டந்தான அந்தப் படிகமும்? கீழ நல்லா கான்கிரீட் போட்டு ரப்பர் குடுத்துட்டா நின்னுருமல்லோ?" இல்லீங்க மாமா, அது வேற இது வேறன்னு சொன்னேன். தறியில நாடா நிமிஷத்துக்கு நூத்துச் சொச்சம் தடவ போயிட்டு வரும். இங்க நாம பேசற ஃபோனானோட ஆற்றல் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் வாக்குல, அத அதிர்வெண்ணுக்கு மாத்துனா 0.24 டெராஹெர்ட்ஸ், செகண்டுக்கு 24,000 கோடி தடவ. இத எந்த ரப்பரும் நிறுத்தாது, ஏன்னா வெளிய இருந்து வர்ற ஆட்டமே இல்ல இது, படிகத்தோட அணுக்களே ஒண்ண ஒண்ணு தள்ளறது. ஆனா மாமா கேட்டத முழுசா தள்ளவும் முடியாதுங்க. இப்பெல்லாம் திரவ ஹீலியத்த ஊத்தறதுக்குப் பதிலா கம்ப்ரசர் வெச்ச குளிர்விப்பான் போடறாங்க, அது செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு தடவ தொம் தொம்னு அடிக்கும், டாட்டோட வெளிச்சத்த ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அடச்சு வெக்கற கூடு, அதுக்குக் கேவிட்டின்னு பேரு, அது மேல ஒரு கண்ணாடி கீழ ஒரு கண்ணாடின்னு தனித்தனியா நிக்கற தெறந்த கேவிட்டியா இருந்தா அந்த அடியில கண்ணாடி இடைவெளி ஆடி கேவிட்டியோட நெறமே தள்ளிப் போயிரும். அதுக்கு மாமாவோட ரப்பர் வைத்தியம் வேலைக்காகும். ஃபோனானுக்கு ஆகாது.

சரி, படிகத்துல எத்தனையோ அதிர்வு இருக்குது, எல்லாமே டாட்டத் தொந்தரவு பண்ணுதான்னா இல்ல, எனக்கு இந்த எடம் ரொம்பப் புடிக்கும். டாட்ட விட ரொம்ப நீளமான அலையா இருந்தா, டாட்டு மொத்தமும் சேந்தாப்ல நகந்துரும், உள்ள அணு இடைவெளி பெருசா மாறாது, எலக்ட்ரானுக்கு ஒண்ணுமே தெரியாது. டாட்ட விட ரொம்பக் குட்டி அலையா இருந்தா, ஒரே டாட்டுக்குள்ள ஒரு எடத்துல அமுக்கி இன்னொரு எடத்துல விரிச்சு, கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்லாமப் போயிரும். நடுவுல, டாட்டோட அளவுக்குச் சரியா இருக்கற அலைதான் கடிக்கும். கேலியம் ஆர்சனைட்ல சத்தம் செகண்டுக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல போகும், எலக்ட்ரான் அடஞ்சு கெடக்கற எடம் ஒரு 5 நானோமீட்டர்னு வெச்சுக்கங்க, அத அலை கடக்கறதுக்கு ஒரு பிகோசெகண்டு ஆகும், ஆற்றலா பாத்தா ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட் பக்கம் வந்து நிக்கும். மேல சொன்ன 0.24 டெராஹெர்ட்ஸ் இங்கிருந்து வந்ததுதான். டாட்டு பெருசானா இந்த ஆற்றல் கொறையும், சிறுசானா கூடும். 36 மில்லி எலக்ட்ரான் வோல்ட்ல இன்னொரு வகை ஃபோனானும் இருக்குது, இந்தக் குளிர்ல அது நம்ம கதைக்குள்ள பெருசா வராது.

இப்பத்தான் முக்கியமான வெசயம். எக்ஸைட்டான் டாட்டுக்குள்ள வந்து உக்காந்ததும் சுத்தி இருக்கற அணுக்கள் பழைய எடத்துல இருக்காது, லேசா நகந்து புது நெலைக்குப் போயிரும். தோட்டத்துச் சாளையில கயித்துக் கட்டில் கெடக்குமே, அதுல ஒருத்தர் படுத்தா கயிறெல்லாம் அவரு ஒடம்புக்கேத்தாப்ல தொய்ஞ்சு ஒரு பள்ளமா நிக்குதல்ல, அதுதான். அவரு படுத்திருக்கற வரைக்கும் கயிறு ஆடாது, அமைதியா இருக்கும், தொய்ஞ்ச நெலைதான் இப்ப அதோட சொந்த நெலை. இப்ப அவரு வெடுக்குனு எந்திரிச்சிட்டாருன்னா கயிறு மேல வந்து கொஞ்ச நேரம் துள்ளும். எக்ஸைட்டான் அழியறதும் இந்த வெடுக்குதான், அணுக்கள் மெதுவா பழைய எடத்துக்குத் திரும்பறதுக்கு நேரமே குடுக்காது. துள்றதுக்கு வேணுங்கற ஆற்றல் எங்கிருந்து வரும்? ஃபோட்டான்ல இருந்துதான் போகும், அது கொஞ்சம் செவப்புப் பக்கம் தள்ளி வெளிய வரும். வெளிய குளிரா வெயிலான்னு இதுக்குக் கவலையே இல்லங்கறத கவனிங்க, ஆளு எந்திரிச்சாப் போதும், துள்ளும். ஒரே ஒரு எடத்துல கட்டில் கணக்கு ஒத்து வராது, கயிறு ஒவ்வொரு தடவையும் துள்ளும், டாட்டு அப்டி இல்ல, பெரும்பாலான தடவ ஃபோனானே விடாம முழு ஆற்றலோட ஃபோட்டான் வந்துரும், எப்பவாவதுதான் ஒரு ஃபோனான் சேந்து வரும். குவாண்டம் இல்லியா, துள்ளுனா முழு ஃபோனானாத்தான் துள்ளோணும், இல்லைன்னா சும்மா இருக்கோணும்.

அதனால நிறமாலையில மெல்லிசா ஒசரமா ஒரு கோடும், அதோட அடியில ஒரு பக்கமா பரவுன மேடும் தெரியும். கோட்டுக்கு ஜீரோ ஃபோனான் லைன்னு பேரு, மேட்டுக்கு ஃபோனான் சைட்பேண்டு. நல்ல குளிர்ல மேடு செவப்புப் பக்கம் மட்டும்தான் இருக்கும், ஏன்னா படிகத்துக்கு ஆற்றலக் குடுக்கலாம், வாங்கறதுக்கு அங்க ஒண்ணுமே கெடக்காது. 4 கெல்வின்ல வெப்ப ஆற்றல் 0.34 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். சூடு ஏற ஏற நீலப் பக்கமும் (ஆற்றல் கூடுன பக்கம்) மேடு எந்திரிக்கும், கோட்டோட பங்கு கொறஞ்சுட்டே போகும்.

மேடு ஏன் வழவழன்னு இருக்குது, தனித்தனிக் கோடா ஏன் இல்லைன்னு கேட்டா அதுக்குப் பின்னாடி பழைய சண்டை ஒண்ணு இருக்குது. சர் சி.வி. ராமன் பெங்களூர்ல இருந்தப்ப ஜெர்மன் இயற்பியலாளர் மேக்ஸ் பார்ன கூப்பிட்டு 1935-36ல அங்க தங்க வெச்சாரு, பின்னாடி ரெண்டு பேரும் படிக அதிர்வு விசயத்துல எதிரும் புதிருமா ஆயிட்டாங்க. ராமன் என்ன சொன்னாருன்னா படிகத்துக்குன்னு குறிப்பிட்ட சில அதிர்வெண்தான் உண்டு, பார்ன் சொல்ற தொடர்ச்சியான அதிர்வெண்ணெல்லாம் ஒத்துக்க முடியாதுன்னாரு. ராமன் நம்ம திருச்சியில பொறந்தவருங்கறதுக்காக மனசு அவரு பக்கம் சாயுது, என்ன பண்றது, பார்ன் சொன்னதுதான் சரின்னு ஆயிப்போச்சு. இந்த வழவழ மேடு பார்ன் கச்சிதான்.

சைட்பேண்டுல வர்ற ஃபோட்டான் ஏன் கெட்டதுன்னா வெறும் நெறம் மாறுனதுக்காக மட்டும் இல்ல. அது கூடவே ஒரு ஃபோனான் படிகத்துக்குள்ள போயிருக்குது, செகண்டுக்கு 5 கிலோமீட்டர் வேகத்துல ஓடி மறஞ்சுரும், திரும்ப வரவே வராது. இந்த ஃபோட்டான் எப்பப் பொறந்துச்சுங்கறதுக்கு ஒரு சாட்சி வெளிய சுத்துதுன்னு வெச்சுக்கங்க, சாட்சி இருந்தா குவாண்டம் குறுக்கீடு நடக்காது. 2001ல போரி குழு டாட்டோட ஞாபகம், அதாவது அதோட குவாண்டம் அலை தாளம் தப்பாம இருக்கறது, எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அளந்தப்பவே இது தெரிஞ்சுச்சு, 7 கெல்வின்ல 630 பிகோசெகண்டு வரைக்கும் நின்னுச்சு, ஆனா ஆரம்பத்துல ஒரு சில பிகோசெகண்டுக்குள்ளயே ஒரு பங்கு சடார்னு எறங்கிருச்சு, அந்தச் சடார்தான் கட்டில் கயிறு தொய்யற நேரம்.

கணக்கு சுலபந்தான். 100 ஃபோட்டான்ல 93 கோட்டுல வருது, 7 மேட்டுல வருதுன்னு வெச்சுக்கங்க. ஹாங்-ஓவ்-மேண்டல் சோதனைக்கு ரெண்டு ஃபோட்டான் வேணும், ரெண்டுமே கோட்டுல வந்திருக்கோணும், 0.93ஐ 0.93ஆல பெருக்குனா 0.87க்குக் கிட்ட. அவ்வளவுதான் ஒத்துப்போகும். க்ரான்ஜ் குழு 2017ல போட்ட கணக்குலயும் கேவிட்டி இல்லாம ஜீரோ கெல்வின்ல 87 சதவீதம்தான் வந்துச்சு. ஜீரோ கெல்வினுங்க. அதுக்குக் கீழ எங்க போறது.

இங்கதான் கேவிட்டி உள்ள வருது. டாட்டுக்கு மேலயும் கீழயும் கேலியம் ஆர்சனைடு, அலுமினியம் கேலியம் ஆர்சனைடுன்னு மாத்தி மாத்தி கால் அலைநீளத் தடிமனுக்கு அடுக்கி கண்ணாடி கட்டுவாங்க, ஒரு தூணாட்டம் செதுக்கிருவாங்க. உள்ள ஒரு நெறத்துக்கு மட்டும் வெளிச்சம் நெறைய நேரம் நிக்கும். 1946ல பர்செல் சொன்னதுதான், அந்த நெறத்துல வெளிச்சம் விடறது வேகமாயிரும், மத்த நெறத்துக்கு அந்தச் சலுகை இல்ல. தரக் காரணி (வெளிச்சம் உள்ள எவ்வளவு நேரம் நிக்குதுங்கறதோட அளவு) 10,000ன்னா கேவிட்டியோட அகலம் 0.13 மில்லி எலக்ட்ரான் வோல்ட், சைட்பேண்டு ரெண்டு மூணு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு பரவிக் கெடக்குது, அப்ப கோட்ட கேவிட்டிக்கு நேரா வெச்சா கோட்டுக்கு மட்டும்தான் வேகம். வெளிய வந்த பொறவு ஃபில்டர் போட்டு வெட்டறதுக்கும் இதுக்கும் ஒரே பலன்தானன்னு கேக்கலாம். இல்லீங்க. ஃபில்டர் போட்டா அந்த 7 போச்சு, போனது போனதுதான். கேவிட்டி போட்டா மேட்டுல போயிருக்க வேண்டியதுல ஒரு பங்கு கோட்டுப் பக்கமே திரும்பி வந்துருது, ஏன்னா கோட்டு வழி இப்ப அவ்வளவு வேகம். மேல சொன்ன அதே 2017 வேலையில கேவிட்டியோட 87 சதவீதம் 99க்கு மேல போச்சு, 20 கெல்வின்ல 24 சதவீதமா கெடந்தது 76க்கு வந்துச்சு.

அப்ப கேவிட்டிய இன்னும் இறுக்கி இறுக்கி 100க்கு கொண்டு போயிரலாமேன்னு தோணும். எனக்கும் இதுலதான் ஆர்வமே. ஐல்ஸ்-ஸ்மித் குழு அதே 2017ல இதக் கணக்குப் போட்டுக் காட்டுனாங்க. ஃபோட்டான் ஒண்ணாட்ட இருக்கறது ஒரு பக்கம், தட்டுனப்பெல்லாம் ஃபோட்டான் வர்ற திறன் இன்னொரு பக்கம். வேவ்கைடு (வெளிச்சத்த ஒரே வழியில கொண்டு போற பாதை) மாதிரி எல்லா நெறத்துக்கும் பொதுவா வேகம் குடுக்கற அமைப்புன்னா கதை நேரடி, ஒண்ணு கூடுனா இன்னொண்ணு கொறையும். கேவிட்டியில ரெண்டையும் சேத்து ஏத்தலாம், ஆனா ஒரு அளவு வரைக்குந்தான், 99 சதவீதத்துக்கு மேல ஒண்ணாட்ட இருக்கற ஃபோட்டான் வேணும்னா லேசர்ல எத்தன தடவ தட்டுனா எத்தன தடவ ஃபோட்டான் வருதுங்கற திறன் 96 சதவீதத்துக்குப் பக்கமாவே நின்னுருதுன்னு வந்துச்சு. கேவிட்டியும் டாட்டும் ரொம்ப இறுக்கமா சேந்துட்டா வெளிச்சம் வெளிய போகாம டாட்டுக்கும் கேவிட்டிக்கும் நடுவுலயே போயிட்டுப் போயிட்டு வரும், அந்தப் போக்குவரத்தோட ஆற்றல் ஃபோனான் கடிக்கற அளவுப் பக்கம் வந்துருச்சுன்னா ஃபோனான் அந்த நெலைங்களுக்குள்ளயே குதிக்க வெச்சிரும், எதத் தடுக்கறதுக்குக் கட்டுனோமோ அதுக்கே வழி விட்ட கதை.

96 சதவீதம் நல்ல மார்க்குதானன்னு தோணும், ஆனா 50 ஃபோட்டான் ஒரே நேரத்துல வேணும்னா 0.96ஐ 50 தடவ பெருக்கோணும், 13 சதவீதம்தான் மிஞ்சும். 100 ஃபோட்டானுக்கு 2 சதவீதம்கூட வராது. இது ஃபோனான் மட்டும் புடுங்கற வரி, மத்த நட்டமெல்லாம் தனி. 2021ல சுவிட்சர்லாந்து பாசல்ல தெறந்த கேவிட்டிய வெச்சு, லேசர் ஒருக்கா தட்டுனா ஃபைபரோட கடைசி முனையில ஃபோட்டான் வந்து சேர்ற வாய்ப்ப 57 சதவீதத்துக்குக் கொண்டு வந்தாங்க, அதுவே பெரிய சாதனைதான். அதனால எவனாவது 99 சதவீதம்னு ஒரு நம்பர மட்டும் தூக்கிக் காட்டுனா நான் நம்பறதில்ல, அதே டாட்டுல அதே நாள்ல திறன் எவ்வளவு, ஃபில்டர் போட்டதா போடாததான்னு கேட்டுட்டுத்தான் பேப்பர மேல படிப்பேன். நம்ம நாட்டுலயும் 2023ல தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல ஒதுக்கியிருக்கறாங்க, இனி தமிழ் பேப்பர்லயும் இந்த நம்பருங்க அடிக்கடி வரும், படிக்கறப்ப இத ஞாபகம் வெச்சுக்கங்க.

சூடு பத்தி ஒரு வார்த்த. ஹீலியம் செலவு, நைட்ரஜன்ல ஓட்டக் கூடாதான்னு காலேஜ் பசங்க கேக்கறாங்க. நைட்ரஜன் நமக்குப் பழக்கமானதுதான், காங்கேயம் மாட்டுக்கு சினை ஊசி போடற கால்நடை டாக்டருங்க கேன்ல வெச்சுட்டுச் சுத்தறது அதான், 77 கெல்வின். அங்க வெப்ப ஆற்றல் 6.6 மில்லி எலக்ட்ரான் வோல்ட், நம்ம ஃபோனானப் போல ஆறு ஏழு மடங்கு. ஃபோனான் நெறஞ்சு வழியும், கோடு மேட்டுக்குள்ள முங்கிப்போயிரும். ஒத்த ஃபோட்டான் வரும், அதுல சிக்கல் இல்ல. ஒண்ணாட்ட இருக்கற ஃபோட்டான் வராது.

ஃபோனான வில்லனாவே காட்டிட்டேன், அதுனால இன்னொரு பக்கத்தையும் சொல்லிடோணும். டாட்டும் கேவிட்டியும் நெறத்துல ஒண்ணு ரெண்டு மில்லி எலக்ட்ரான் வோல்ட் தள்ளி இருந்தாலும் கேவிட்டியில இருந்து வெளிச்சம் வருதேன்னு 2007 வாக்குல எல்லாரும் மண்டையப் பிச்சுக்கிட்டாங்க. கிட்டத்துல இருக்கறப்ப அது ஃபோனான் வேலை, மிச்ச ஆற்றல அது வாங்கிக்கும். அதுலயும் டாட்டோட ஆற்றல் கூடவும் கேவிட்டியோடது கொறைவாவும் இருந்தாத்தான் குளிர்ல நல்லா நடக்கும், தலைகீழா இருந்தா ஃபோனான் ஆற்றலக் குடுக்கோணும், குளிர்ல எங்கிருந்து குடுக்கும். ரொம்பத் தள்ளி இருக்கறப்பவும் வர்ற வெளிச்சத்துக்குக் காரணம் வேற, டாட்டுக்குள்ள ஒண்ணுக்கு மேல ஜோடி இருக்கறது.

இதையே உபயோகமா திருப்பிக்கிட்டாங்க. வழக்கமா டாட்ட ஏத்தறதுக்கு, அதாவது உள்ள எக்ஸைட்டான உண்டாக்கறதுக்கு, அதே நெறத்துல லேசர் அடிச்சா, லேசர் வெளிச்சத்தையும் டாட்டு விட்ட ஒத்த ஃபோட்டானையும் நெறத்த வெச்சுப் பிரிக்க முடியாது, போலரைசேஷன (வெளிச்ச அலை ஆடற திசைய) வெச்சுத்தான் பிரிக்கோணும், அதுல பாதி ஃபோட்டான் வரைக்கும் போயிருது. அதுக்குப் பதிலா லேசர ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொறைவா நீலப் பக்கம் தள்ளி அடிச்சா, மிச்சத்த ஒரு ஃபோனான் எடுத்துட்டு எக்ஸைட்டான டாட்டுக்குள்ள எறக்கி விட்ரும். 2014, 2015 வாக்குல இப்டி அடிக்கற தடவைல பாதிக்கு மேல டாட்ட ஏத்திக் காட்டுனாங்க. லேசர் நெறம் வேற, ஃபோட்டான் நெறம் வேற, சாதா ஃபில்டர்லயே பிரிச்சுக்கலாம், லேசரோட சக்தி கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் கவலையில்ல. நான் இப்பப் போட்டுட்டு இருக்கற கணக்கும் இதுக்குள்ளதான் வருது, இந்த மாதிரி ஏத்துன டாட்ட கேவிட்டிக்குள்ள வெச்சா என்ன ஆகும்னு. ஒண்ணு மட்டும் மாறப்போறதில்ல, ஏத்தறப்ப ஃபோனான் ஒத்தாசை பண்ணுனாலும் எறங்கறப்ப அது எடுத்துக்கற அந்தச் சைட்பேண்டு பங்கு அப்டியேதான் இருக்கும், அத கேவிட்டிய வெச்சுத்தான் சமாளிக்கோணும்.